தடி யார் கையில் இருந்தாலும்!

ஊர்வலம் வருகிறது. கொடிகள் முன்னே, முழக்கங்கள் பின்னே. தெருமுனையில் காவலர்கள் அணிவகுத்து நிற்கின்றனர். கையில் தடி, தலையில் கவசம். "கூடுவது எங்கள் உரிமை!" என்கின்றனர் ஊர்வலத்தார். "ஒழுங்கைக் காப்பது எங்கள் கடமை!" என்கிறார் அதிகாரி. உரிமை, ஒழுங்கு - இரண்டும் நல்ல சொற்கள்தாம். ஆயினும் அந்த இரண்டு நல்ல சொற்கள் சந்திக்கும் தெருமுனையில் எத்தனை முறை குருதி சிந்தியிருக்கிறது!

எந்தச் சொல் யாருக்கு இனிக்கிறது என்று சற்று உற்று நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். ஆட்சிப் பீடத்துக்கு வெளியே நிற்போருக்கு 'உரிமை' இனிக்கும். உள்ளே அமர்ந்திருப்போருக்கு 'ஒழுங்கு' இனிக்கும். வெளியே நின்றவர் உள்ளே சென்று, உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டால்? சொற்களும் இடம் மாறிக்கொள்கின்றன! நேற்று தடியடியைக் கண்டித்து முழங்கியவர் இன்று தடியடிக்குக் காரணம் கூறுகிறார். நேற்று காரணம் கூறியவர் இன்று கண்ணீர் வடிக்கிறார். நாற்காலி மாறியதும் நாக்கும் மாறுகிறது.

பகுத்தறிவைத் துணைக்கொண்டு நடப்போருக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாற்காலி மாறினாலும் மாறாத அளவுகோல் ஒன்று உண்டா? உண்டு என்பதே நம் துணிபு. அதைத் தேடிக் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போக வேண்டுவதில்லை. கொங்கு மண்ணில், ஒரே மாவட்டத்தில், ஐந்தாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். அதற்கு முன்னுரையாக ஒரு பழைய கதை.

1932ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி 'குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம்' என்றோர் அடக்குமுறைச் சட்டத்தை இயற்றியது. மறியல் செய்வோரை எளிதில் சிறைக்கு அனுப்ப வழி செய்த சட்டம் அது. காங்கிரசார் அதனால் அடிபட்டனர்; அதைக் கண்டித்தனர். கண்டித்தது முறையே. 1937இல் சென்னை மாகாணத்தில் ஆச்சாரியார் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை ஏறிற்று. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் ஆயிற்று. எதிர்த்து மறியல் செய்த தமிழர்மீது பாய்ந்த சட்டம் எது? அதே சட்டம்! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும் புகுந்தனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். வெள்ளையன் பிடித்திருந்தபோது கொடுந்தடியாகத் தெரிந்தது, தம் கைக்கு வந்ததும் செங்கோலாகத் தெரிந்தது ஆளவந்தாருக்கு.

இந்தக் கதை நம் மேடைகளுக்கு மனப்பாடம். ஆச்சாரியாரின் அந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை. ஆனால் இது காங்கிரசாரின் கதை மட்டுந்தானா?

இனி 1965. அரசியல் சட்டம் குறித்த பதினைந்து ஆண்டுத் தவணை முடிந்து, ஜனவரி 26 அன்று இந்தி அரியணை ஏற இருந்தது. ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கூறிற்று. தொடரும் என்று அறுதியிட்டுக் கூறவில்லை. அந்த ஒரு சொல் வேறுபாட்டில் தமிழ்நாட்டு மாணவர்கள் தம் எதிர்காலம் தொங்குவதைக் கண்டனர், தெருவுக்கு வந்தனர். மதுரையில் மூண்டது மாநிலமெங்கும் பரவிற்று. சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் குண்டுக்கு இரையானார். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய அமைச்சர். அவரும் ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் துப்பாக்கிகள் முழங்கின. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் சொன்ன கணக்கும் ஊர் சொல்லும் கணக்கும் இன்றுவரை ஒத்துப் போகவில்லை. மாநிலம் முழுவதற்கும் சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே ஏறத்தாழ 70.

அன்று கோலோச்சியது பக்தவத்சலம் அமைச்சரவை. ஒழுங்கின் பெயரால் அது தன் செயலை ஞாயப்படுத்திற்று. தமிழகம் அந்த ஞாயத்தை ஏற்கவில்லை. 1967 தேர்தலில் விடை எழுதிற்று. மொழிப்போர் ஈகியருக்கு ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று வீரவணக்கம் செலுத்துகிறோம். செலுத்த வேண்டியதே.

ஆனால் பொள்ளாச்சிக்கு இரண்டு நாள் முன்னர், பிப்ரவரி 10 அன்று, திருப்பூரில் நடந்தது என்ன? கூட்டத்தின் சினத்துக்கு இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் பலியாயினர், எரித்துக் கொல்லப்பட்டனர். காக்கிச் சட்டைக்குள் இருந்ததும் மனித உடல்தான். இந்தியைத் திணித்தவர் டில்லியில் இருந்தனர்; எரிந்தவர் திருப்பூரில் இருந்தனர். வீரவணக்க மேடைகளில் இந்த இரண்டு உயிர்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே கேட்கிறது. அது ஏன் என்ற வினாவை இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1967 மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார். 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தபின் கலைஞர் அப்பொறுப்பை ஏற்றார். கோட்டையில் இப்போது நம்மவர்கள். 1970இல் மின்கட்டணம் உயர்ந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக எழுந்த கிளர்ச்சி என்றே கொங்கு நாட்டில் அதை இன்றும் சொல்கின்றனர்.

ஒரு பைசாவுக்கா இவ்வளவு கிளர்ச்சி என்று நகரத்தார் கேட்கலாம். கொங்கின் பெரும்பகுதி மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் வானம் பார்த்த பூமி. ஆற்றுப் பாசனம் சில பகுதிகளுக்கே. மற்றவர்க்குக் கிணறே கதி. காளை பூட்டிக் கவலை இறைத்தது பழைய காலம். 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்சாரம் சமவெளிக்கு இறங்கிற்று. கோவையில் நூற்பாலைகள் பெருகின, தோட்டங்களில் மோட்டார் ஓடிற்று. நீர்மட்டம் இறங்கிற்று, கிணறு ஆழமாயிற்று, ஆழம் கூடக் கூட மின்செலவும் கடனும் கூடின. ஆகவே நகரத்தாருக்குச் சில்லறைக் காசாகத் தெரிந்த அந்தப் பைசா, கிணற்று மேட்டில் நின்றவனுக்குப் பயிரா, பட்டினியா என்ற கேள்வியாகத் தெரிந்தது.

கோவையை அடுத்த வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் திரண்டனர். 1970 ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டது. மூன்று உழவர்கள் மாண்டனர். 1972இல் மீண்டும் கட்டண உயர்வு, மீண்டும் கிளர்ச்சி. கோவை நகரத் தெருக்களில் மாட்டுவண்டிகள் நிரம்பின, போக்குவரத்து நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் மாநிலத்தின் வேறு பல இடங்களிலும் துப்பாக்கி வெடித்தது, உழவர்கள் மாண்டனர்.

பொள்ளாச்சிக்கும் பெருமாநல்லூருக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். இரண்டும் அன்றைய கோவை மாவட்டத்தில் அடங்கிய ஊர்கள். சுட்டது அதே காவல்துறை; காட்டியது அதே சட்டம்; சொன்னது அதே 'ஒழுங்கு'. மாறியிருந்தது ஒன்றே ஒன்று - கோட்டையில் இருந்தவர் யார் என்பது. அந்த ஒன்று மாறியதும், பொள்ளாச்சிக்குக் குமுறிய உள்ளங்கள் பல பெருமாநல்லூருக்குக் குமுறவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்னும் பழமொழியை இல்லத்தில் கேட்டால் நகைக்கிறோம். அரசியலில் அதுவே நீதியாக நடமாடும்போது நகைப்பதற்கில்லை.

"அது அந்நியர் ஆட்சி போன்றது, இது மக்கள் ஆட்சி" என்று விடை கூறுவோர் உண்டு. 1962இல் காங்கிரசும் மக்கள் வாக்கைப் பெற்றுத்தான் வந்தது. வாக்குச்சீட்டு ஆளுவதற்குத் தரப்பட்ட ஆணை. சுடுவதற்குத் தரப்பட்ட நற்சான்று ஆகாது. மேலும், வாக்குச்சீட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேசும். கிணறு வற்றுவதும் விலை ஏறுவதும் ஐந்தாண்டுக் கணக்குப் பார்த்து நடப்பதில்லை. இடையில் மக்கள் பேசும் மொழிதான் கூட்டம், ஊர்வலம், மறியல். அதற்குச் செவி கொடுப்பது ஆட்சிக்கே நன்மை. 1990இல் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசம் ஆயிற்று. அதைச் செய்தவரும் முதலமைச்சர் கலைஞர்தான். இருபதாண்டு கழித்து நியாயம் என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, முதல் நாளில் செவி சாய்த்துக் கேட்டிருக்கக் கூடாதா?

"கிளர்ச்சி செய்தவர்கள் நிலமுடையோர், கூலி உழவரின் துயரம் அவர்கள் கோரிக்கையில் எங்கே?" என்று கேட்போரும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது வேறு கேள்வி. கோரிக்கை சரியா என்பது ஒன்று; அக்கோரிக்கைக்காகக் கூடலாமா என்பது மற்றொன்று. முதலாவதை வாதத்தால் தீர்க்க வேண்டும். இரண்டாவது ஏற்கெனவே தீர்ந்த ஒன்று - ஆயுதமின்றி, அமைதியாக எவரும் கூடலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே அடக்குமுறை பிறக்கிறது. நமக்கு உகந்த கோரிக்கைக்கு மட்டுமே உரிமை என்றால், அதன் பெயர் உரிமை ஆகாது, சலுகை.

இந்த இடத்தில் பகுத்தறிவாளர்க்கே ஒரு தேர்வு உண்டு. மூடநம்பிக்கை என்று நாம் கருதும் ஒரு மத ஊர்வலம் தெருவில் வருகிறது. அதைக் கண்டித்து எழுதுவோம், பேசுவோம், வாதிடுவோம். ஆனால் அதைக் காவலர் காரணமின்றித் தடுத்தால் மகிழலாமா? கூடாது! கருஞ்சட்டை ஊர்வலத்துக்குத் தெரு உரியதென்றால், காவடி ஊர்வலத்துக்கும் தெரு உரியதே. பிறரைத் தாக்காத வரை, பிறர் வழிபாட்டிடத்தின் முன் நின்று வம்புக்கு இழுக்காத வரை, இருவருக்கும் ஒரே விதி. இந்தத் தேர்வில் தேறாதவர் உரிமை பேசுவது வெறும் கட்சி பேசுவதே ஆகும்.

உரிமையைப் பற்றி இவ்வளவு கூறினோம். ஒழுங்கு என்பதுதான் என்ன?

ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் வகுப்பறையில் நாள்தோறும் காணும் ஒன்று உண்டு. பிரம்பைக் கண்டு வாய்மூடி இருக்கும் வகுப்பும் அமைதியாக இருக்கும்; பாடத்தில் மனம் ஈடுபட்டிருக்கும் வகுப்பும் அமைதியாக இருக்கும். வராந்தாவில் நடந்து போகும் தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் ஆசிரியர் வெளியே சென்ற மறுகணம் வேறுபாடு தெரிந்துவிடும். நாட்டிலும் அப்படியே. வாய் அடைபட்டதால் வரும் அமைதி வேறு. குறை கேட்கப்படும் என்ற நம்பிக்கையால் வரும் ஒழுங்கு வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதன் பெயரால் பாராட்டுப் பெறுவது ஆள்வோரின் பழைய தந்திரம்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையோடு அழைக்கிறோம். அந்த மான்செஸ்டரில் 1819 ஆகஸ்ட் 16 அன்று நடந்ததையும் அறிந்திருப்பது நல்லது. நெசவாளரும் தொழிலாளரும் குடும்பத்தோடு, ஏறத்தாழ 60,000 பேர், செயின்ட் பீட்டர் திடலில் கூடினர். அத்தனை பெரிய தொழில் நகருக்குப் பாராளுமன்றத்தில் தனி உறுப்பினர் இல்லை. வாக்குரிமை கேட்டே கூடினர். கலகம் வெடிக்கும் என்று அஞ்சிய மாஜிஸ்திரேட்டுகள் குதிரைப்படையை ஏவினர். வாளோடு பாய்ந்தனர் குதிரை வீரர். ஏறத்தாழ 18 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். கலகத்தைத் தடுக்க வந்த படைதான் அங்கே கலகம் விளைத்தது! அரசு என்ன செய்தது? மாஜிஸ்திரேட்டுகளுக்கு நன்றி கூறிற்று. கூட்டங்களை ஒடுக்கப் புதுச் சட்டங்கள் இயற்றிற்று. 1832இல் அதே மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர் கிடைத்தனர். கேட்டது தவறென்றால் கொடுத்தது ஏன்? கொடுத்தது சரியென்றால் வெட்டியது ஏன்?

நம் பக்கத்து வைக்கத்துக்கு வருவோம். 1924. கோயிலைச் சுற்றிய தெருக்களில் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது. நடக்க முயன்றோரைத் திருவிதாங்கூர்க் காவலர் தடுத்தனர். ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறை கண்டார். எந்தக் காரணம் காட்டித் தடுத்தனர்? பொது அமைதி! மாட்டுக்கும் நாய்க்கும் தடையில்லாத தெருவில் மனிதன் நடந்தால் மேல்சாதியார் சினம் கொள்வர், அமைதி கெடும், ஆகவே நடப்பவனைப் பிடி! அடிக்கப் போகிறேன் என்று மிரட்டுபவனை விட்டுவிட்டு, அடிபடப் போகிறவனைச் சிறையில் இட்ட ஒழுங்கு அது. இதிலிருந்து நாம் பெறும் முதல் விதி: அமைதி கெடும் என்ற அச்சம் எழுந்தால், கெடுக்க முனைபவனையே தடுக்க வேண்டும். நியாயமாக நடந்து செல்பவனுக்குக் காவலன் துணையாகச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்ட இளைஞர் சிலர், "அப்படியானால் ஒழுங்கு என்பதே ஆள்வோரின் புரட்டு" என்று முடிவு கட்டிவிடக் கூடும். அவசரம் வேண்டாம், தோழர்களே! ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோவையைவிட நன்கு அறிந்த நகரம் தமிழ்நாட்டில் வேறில்லை. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 இசுலாமியர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். அந்நாட்களில் மாளிகைவாசிகளுக்கு மதிற்சுவர் இருந்தது. தள்ளுவண்டிக்காரருக்கும் அன்றாடங்காய்ச்சிக்கும் என்ன இருந்தது? தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகும் ஊரில் முதலில் நசுங்குபவன் எளியவன். எனவே ஒழுங்கு ஏழையின் சொத்துமாகும். அதை ஆள்வோருக்கு மட்டும் உரியதாக எழுதிக்கொடுத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கூட்டத்தால் பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது மட்டுமே ஒழுங்கு என்று எண்ணுகிறோம். கூட்டத்துக்கே வரும் தீங்கைத் தடுப்பதும் ஒழுங்குதான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். எத்தனை பேர் வருவர், தெரு எத்தனை பேரைத் தாங்கும், தண்ணீர் எங்கே, வெளியேற வழி எங்கே, ஆம்புலன்ஸ் எப்படி நுழையும் - இவற்றைக் கூட்டம் நடத்துவோரும் காவலரும் முன்கூட்டியே ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பதே நாகரிக நாட்டின் ஒழுங்கு. ஆனால் அத்துயரத்தைச் சாக்காகக் கொண்டு கூட்டங்களுக்கே கதவடைப்பது, அடுப்பில் தீப்பற்றியது என்று சமையலையே நிறுத்துவது போன்றதாகும்.

சட்டம் என்ன கூறுகிறது? அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி தருகிறது. பொது ஒழுங்கின் பொருட்டு 'நியாயமான' கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அவ்விதியே கூறுகிறது. திராவிட நாடு முழக்கம் ஒலித்த காலத்தில், 1963இல், 16ஆவது திருத்தத்தின் வழியே இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் அக்காரணங்களோடு சேர்ந்தன. இது மேல்மாடி. கீழ்மாடியில் இருப்பவையோ வெள்ளையன் விட்டுச் சென்ற தட்டுமுட்டுகள்! 1857 கிளர்ச்சிக்குப் பின் பிறந்த 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டம் ஊர்வலத்துக்கு உரிமம் கேட்கிறது. 1898ஆம் ஆண்டுத் தொகுப்பில் 144 என்ற எண்ணோடு இருந்த தடையுத்தரவு, 1973ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அதே எண்ணோடு வாழ்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. எண் மாறிற்று, பெயரும் வடமொழிக்கு மாறிற்று, சாரம் மாறவில்லை.

உச்ச நீதிமன்றம் இடையிடையே வரம்பு கட்டியிருக்கிறது. பொதுத் தெருவில் கூடுவதை அரசு நெறிப்படுத்தலாம். விருப்பம்போல் மறுக்கும் வரம்பற்ற அதிகாரத்தை ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்க முடியாது என்று ஆமதாபாத் வழக்கு ஒன்றில் 1972இல் கூறிற்று. நியாயமான கருத்துரைப்பை நசுக்க 144 தடையுத்தரவைக் கருவியாக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் கூறிற்று. அதே ஆண்டு அக்டோபரில், டில்லி ஷாகீன்பாக் மறியல் பற்றிய தீர்ப்பில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துக்கொள்ளவும் கூடாது என்றது. இவற்றிலிருந்து நாம் பெறும் இரண்டாவது விதி: காலம், இடம், முறை பற்றிப் பேச அரசுக்கு உரிமை உண்டு, என்ன பேசுகிறாய் என்று கேட்க உரிமை இல்லை. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீதிமன்றம் செல்ல நேரம் இருக்கும்போதே தர வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய இரவு வந்து சேரும் மறுப்பாணை, நீதிமன்றக் கதவையும் சேர்த்தே சாத்திவிடுகிறது.

மூன்றாவது விதி வன்முறை மூளும் வேளைக்கு உரியது. பலத்துக்குப் படிகள் உண்டு: எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடி, வேறு எவ்வழியாலும் உயிரைக் காக்க முடியாத இறுதிக் கட்டத்தில் மட்டுமே துப்பாக்கி. ஆயிரம் பேர் கூடிய இடத்தில் ஒருவன் கல்லெறிந்தால், அந்த ஒருவனைப் பிடிப்பதே காவலனின் திறமை. குண்டுக்கு எறிந்தவனையும் வேடிக்கை பார்த்தவனையும் பிரித்தறியத் தெரியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் என்ன நடந்தது? ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தடையுத்தரவு இருந்தது, ஊர்வலம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. மறுநாளும் வெடித்தது, 13 உயிர்கள் போயின. காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளிவந்தது. நான்காண்டு கழித்து வரும் உண்மை உயிரைத் திருப்பித் தராது. ஆயினும் அத்தகைய விசாரணை, சுட உத்தரவிட்டவர் எவராயினும், ஆட்சி எதுவாயினும், தவறாமல் நடக்கும் என்ற நிலை வந்தால், அடுத்த முறை விசையில் விரல் வைப்பவன் ஒருகணம் தயங்குவான். அந்த ஒரு கணத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

ஆள்வோர்க்கு விதி கூறினோம். போராடுவோர்க்கு விதி இல்லையா?

கண்ணகியை நினைப்போம். கையில் ஒற்றைச் சிலம்போடு வந்த ஒரு தனிப்பெண்ணுக்குப் பாண்டியன் அரண்மனை வாயில் திறந்தது. மன்னன் வழக்கைக் கேட்டான், சான்றைப் பார்த்தான், தன் தவற்றை உணர்ந்து உயிரையே விட்டான். அரசின் குற்றத்தை அரசவையிலேயே மெய்ப்பித்த அந்தக் காட்சிக்கு ஈடான அறப்போர் அரிது. ஆனால் அதன் பின்னர் எரிந்த மதுரை? குற்றம் செய்தவன் மன்னன். எரிந்தது குடிமக்கள் வாழ்ந்த ஊர். கண்ணகியைப் போற்றும் நாம், சிலம்பை உயர்த்திய கையைப் போற்றுகிறோம். தீயைப் பின்பற்ற வேண்டுவதில்லை. நாம் முன்னர்க் குறித்து வைத்த திருப்பூர் வினாவுக்கும் இதுவே விடை. அந்தத் தீயை எண்ணும்போது பெருமைக்கு இடமில்லை; ஆகவே மேடைகள் அதைப் பேசாமல் கடந்துவிடுகின்றன. ஆனால் பேசாமல் கடப்பது விடையாகாது. அங்கு மூட்டிய தீ, அமைதியாக நடந்த ஆயிரமாயிரம் மாணவரின் வாதத்தையும் சேர்த்தே எரித்தது. சுடுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர் கையில் காரணத்தைக் கொடுத்தது.

ஈரோட்டுக் கிழவர் காட்டிய முறை வேறு. என்ன செய்யப் போகிறோம், எந்த நாளில் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே உலகறியச் சொல்வார். பொதுச் சொத்துக்கும் பிறர் உடலுக்கும் ஊறு கூடாது என்பார். சிறை என்றால் சிறை, கெஞ்சல் இல்லை. சாதியைக் காக்கும் அரசியல் சட்டப் பகுதிகளை எரிக்கும் போராட்டத்தை 1957 நவம்பர் 26க்கு அறிவித்தார். எரிப்போருக்கு மூன்றாண்டுச் சிறை என்று அவசரமாகச் சட்டம் வந்தது. வந்த பின்னரும் ஆயிரக்கணக்கானோர் எரித்துச் சிறை புகுந்தனர். தாளை எரித்தவர் எவரும் ஆளை எரிக்கவில்லை. 1965இல் வன்முறை வெடித்தபோது அதை வெளிப்படையாகக் கண்டித்தவரும் அவரே. 2017 ஜனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் நாட்கணக்கில் கூடிய இளைஞரை நாடு வியந்ததற்குக் காரணம், கோரிக்கையைவிடக் கட்டுப்பாடே. குப்பையை அள்ளினர், ஆம்புலன்சுக்கு வழிவிட்டனர், தம்மிடையே தாமே ஒழுங்கு காத்தனர்.

எனவே உரிமையும் ஒழுங்கும் ஒன்றையொன்று தின்று வாழும் பகைகள் அல்ல. குறை கூற வழி இருக்கும் ஊரில் ஒழுங்கு தானே நிலைக்கும். ஒழுங்கு இருக்கும் ஊரில்தான் எளியவன் அச்சமின்றிக் குறை கூறவும் முடியும். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், அவற்றையடுத்து 'வெருவந்த செய்யாமை' என்று ஒன்று வைத்தார். குடிகள் அஞ்சும்படி நடவாமை என்பது அதன் பொருள். கொடுங்கோன்மையிலிருந்து செங்கோன்மையைப் பிரிக்கும் கோடு அங்கே இருக்கிறது.

இனி அந்த மாறாத அளவுகோல். அது மிக எளியது. படிப்பகத்தில் ஏடு புரட்டும் எந்த இளைஞரும் இன்றே கைக்கொள்ளத் தக்கது. எங்கோ தடியடி, எங்கோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி வருகிறது. படித்தவுடன் சினமோ சமாதானமோ மனத்தில் எழும். ஒரு நிமிடம் நிறுத்துக! ஊர்வலம் சென்றவர் பெயரையும் உத்தரவிட்டவர் பெயரையும் இடம் மாற்றி வைத்து, செய்தியை மீண்டும் படித்துப் பார்க்க. அப்போதும் அதே தீர்ப்பு எழுகிறதா? எழுந்தால் அது நியாயம். மாறினால், நாம் தீர்ப்பு எழுதவில்லை. கட்சிச் சீட்டைப் புதுப்பித்திருக்கிறோம். ஒரே சான்றிலிருந்து ஒரே முடிவுக்கு வருவதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். ஆளைப் பார்த்து முடிவை மாற்றுவதற்குச் சாதி என்று பெயர். சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் அதை அரசியலில் வளர்க்கலாமா?

ஒரு வேண்டுகோள். வரும் ஜனவரி 25 அன்று வீரவணக்கக் கூட்டம் நடக்கும்போது, பொள்ளாச்சியில் விழுந்தோரின் நினைவோடு திருப்பூரில் எரிந்த இருவரையும், பெருமாநல்லூரில் விழுந்த மூவரையும் சேர்த்து நினைவுகூர்வோம். ஒரே மேடையில், ஒரே மூச்சில். அதனால் இயக்கத்தின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். குறையாது. பிறர் செய்த கொடுமையைப் பேசும் துணிவு எல்லா இயக்கத்துக்கும் உண்டு. தம்மவர் ஆட்சியில் நேர்ந்த கொடுமையையும் பேசும் துணிவு உள்ள இயக்கத்தின் சொல்லையே நாடு நம்பும்.

ஆட்சிகள் வரும், போகும். இன்று கொடி பிடிப்பவர் நாளை கோட்டையில் இருப்பார்; இன்று கோட்டையில் இருப்பவர் நாளை கொடி பிடிப்பார். தெரு மட்டும் அங்கேயே இருக்கும். அதில் நடக்கும் எளியவனும் அங்கேயே இருப்பான். அவன் சார்பில் நாம் கேட்க வேண்டிய கேள்வி என்றும் ஒன்றே: "இந்தத் தடி எதற்காக ஓங்கியது?" தடி யார் கையில் இருந்தாலும் அதைக் கேட்போம்!